என் ஊழியர் எண்ணில் ஓடிய லாரிகள்

ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அதே விடை வந்ததால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிய ஆள் நான். நம்பியதோடு நிற்கவில்லை. கோட்டு போட்டுக்கொண்டு ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, "எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை" என்று பெருமையாகச் சொல்லவும் செய்தேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது. ஐம்பதைத் தொட்ட, அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற, பிறர் எழுத்தில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற ஒருவன் செய்யக்கூடிய காரியமா இது என்று கேட்கலாம். அப்படிப்பட்டவன்தான் செய்வான் என்பது என் அனுபவம்.

எங்கள் கம்பெனி ஹைதராபாத் மாதாப்பூரில், ஒன்றைப்போலவே ஒன்றிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் இருக்கிறது. அங்கே செய்வது சிமுலேஷன். நிஜத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தால், அதைப்போலவே கணினிக்குள் ஒரு பொம்மைத் தொழிற்சாலையைக் கட்டுவார்கள். அதற்குள் பொம்மை லாரிகளை ஓடவிட்டு, பொம்மை ஆட்களை வேலை வாங்கி, ஒரு முழு வருடத்தைச் சில நிமிடங்களில் கழித்துவிடுவார்கள். இந்தச் சுவரை இடித்தால் என்ன ஆகும், இந்த லாரியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நிஜச் சுவரைத் தொடாமலே பார்த்துக்கொள்ளலாம். இதைச் செய்கிறவர்கள் பொறியாளர்கள். அவர்கள் எழுதும் அறிக்கைகளை மனிதர்கள் படிக்கும்படி திருத்துவது மட்டும்தான் என் வேலை. காணாமல்போன எழுவாய்களைத் தேடிக் கண்டுபிடித்து உரிய பயனிலைகளோடு சேர்த்துவைப்பேன். மற்றபடி பொம்மைத் தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கும் காவலாளிக்கும் ஒரே அளவுதான் தெரியும்.

எங்களிடம் வந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் தோல் பொருள் கம்பெனி முதலாளி. வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். ஹைதராபாத்துக்கு வந்து பல காலம் ஆகியும் அவர் பேச்சு இன்னும் பாலாற்றைத் தாண்டவில்லை. பை, பெல்ட், பர்ஸ் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். தைக்கும் ஆலை ஊருக்கு வெளியே. தோல் வருவது ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரிகளிலிருந்து, பதனிட்டு, சாயம் ஏற்றி, லாரியில். வந்த தோல் நேராக ஆலைக்குப் போவதில்லை. போவன்பள்ளியில் அவருக்கு ஒரு குடோன் உண்டு. அங்கே இறக்கி, தரம் பிரித்து, நிறம் பிரித்து அடுக்கிவைத்து, ஆலை கேட்கக் கேட்க அனுப்புவார்கள். அந்தக் குடோன் தேவைதானா? மூடிவிட்டு லாரியை நேரே ஆலைக்கு விட்டால் வாடகையும் ஏற்றி இறக்குகிற கூலியும் மிச்சமாகாதா? இதுதான் அவர் எங்களிடம் கேட்ட கேள்வி.

பொம்மைக் குடோனைக் கட்டியவர் கோயம்புத்தூர்க்காரப் பொறியாளர் ஒருவர். கட்டி முடித்த கையோடு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு கண்ணாடிக் கட்டடத்தில் அதிகச் சம்பளத்துக்குப் போய்விட்டார். மாதாப்பூரில் இது வருத்தப்பட வேண்டிய விஷயம் இல்லை. பொட்டலம் கட்டின கேக் ஒன்றை எல்லோரும் தின்றுவிட்டு இருக்கைக்குத் திரும்புவோம். அன்றைக்கு நான் திரும்பும்போது மேலாளர் என் இருக்கை அருகில் நின்றுகொண்டிருந்தார். தெலுங்குக்காரர், என்னைவிடச் சின்னவர், மரியாதைக்கு என் பெயரோடு 'காரு' சேர்க்காமல் கூப்பிட்டதே இல்லை. எல்லாம் தயாராக இருக்கிறது, பொத்தானை அழுத்தி ஓட்ட வேண்டியதுதான், வருகிற விடையை அழகாக எழுதிவிடுங்கள் என்றார். அதற்கு முன்னால் ஒருமுறை குடோனை நேரில் பார்த்துவிட்டு வந்தால் அறிக்கையில் உயிர் இருக்கும் என்றும் சொன்னார். என் எழுத்தில் உயிர் இருக்க வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த மயக்கத்தில் ஒப்புக்கொண்டேன்.

போவன்பள்ளியில் காய்கறி மார்க்கெட் வண்டிகளுக்கு நடுவே என் ஆட்டோ கொஞ்ச நேரம் தக்காளியாக வாழ்ந்துவிட்டுத்தான் குடோனுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே போனதும் புதுச் செருப்புக் கடை வாசனை. அதற்கு அடியில் மார்க்கெட்டிலிருந்து வரும் அழுகின கோஸ் வாசனை. இரண்டும் சேர்ந்தால் பசிக்கிறதா குமட்டுகிறதா என்று வயிற்றுக்கே தெரிவதில்லை.

குடோனுக்குப் பொறுப்பாளர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். பேச்சில் ஹைதராபாத் உருது கலந்து வரும்: 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம். கழுத்தில் சின்னச் சிலுவை, காதில் செருகிய பென்சில்.

"நீங்கதானா அந்தக் கம்ப்யூட்டர் சார்?"

"கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கு மேடம். நான் சார் மட்டும்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு தோலை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"பாருங்க. இது உண்ணி கடிச்சது. இது முள்வேலில கிழிச்சது. இது சூடு போட்ட தழும்பு. இதோ இத பாருங்க, ஒரு கீறல் இல்ல. ராஜா மாதிரி வாழ்ந்திருக்கு. ஒரு லாரில எது எவ்ளோ வரும்னு எவனுக்கும் தெரியாது சார். சில லாரி பூரா ராஜாவா வரும். சில லாரி பூரா சண்டைக்குப் போய்ட்டு வந்ததா வரும்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"கைக்கு இந்தக் குடோன் இருக்கு? நல்லதா வந்தப்ப எடுத்து வெச்சது இருக்கும்ல, அத அனுப்புவோம். பையும் பர்ஸும் ஒரே கலரா இல்லன்னா வெள்ளைக்காரன் திருப்பி அனுப்பிருவான்."

நான் என் மடிக்கணினியைத் திறந்து பொம்மைக் குடோனைக் காட்டினேன். மஞ்சள் தொப்பி போட்ட நாலு குட்டி மனிதர்கள் திரையில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுல நான் எங்க சார்?"

நாலு பேரும் ஒரே முகம், ஒரே மீசை. ஒரு பொம்மை சும்மா நின்றுகொண்டிருந்தது. அதைக் காட்டலாமா என்று யோசித்து, கூடாது என்று முடிவு செய்து, "மேனேஜர் திரைக்கு வெளில இருக்கீங்க மேடம்" என்றேன்.

"இப்பவே வெளில வெச்சுட்டீங்களா" என்றார்.

டீ வந்தது. அதைக் குடிக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தார். குடோனை மூடினால் அவரை ராணிப்பேட்டைக்கு அனுப்புவதாகப் பேச்சு. டேனரியிலேயே உட்கார்ந்து தோலைப் பார்த்து அனுப்புகிற வேலை.

"ப்ரமோஷனா?" என்றேன்.

"பேரு அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு நக்கோ சார்." டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுக்காரருக்குக் காஞ்சன்பாக்ல வேலை. பாதுகாப்புத் துறை ஃபேக்டரி. அவரால நகர முடியாது. கல்யாணம் ஆன நாள்லருந்து அவர் ஒரு ஊரு யூனிட்டு, நான் ஒரு ஊரு. இப்பதான் அவருக்கு இங்க மாத்தலாகி, குவார்ட்டர்ஸ் கெடச்சு, ஒரே கூரைக்குக் கீழ வந்திருக்கோம். தெனம் ஊரோட அந்தக் கோடிலருந்து இந்தக் கோடிக்கு ரெண்டு பஸ் மாறி வர்றேன். பரவால்ல. சாயந்தரம் போனா வீட்டுல ஒரு ஆள் இருக்காரு. மறுபடி சண்டேக்கு சண்டே புருஷன பாக்கற வயசா சார் எனக்கு?"

நான் டீயைப் பார்த்தேன்.

"இத கைக்கு சொல்றேன்னா, உங்க பொட்டிக்குள்ள இதுக்கு ஏதாவது எடம் இருக்கான்னு கேக்கத்தான்."

இல்லை. வாடகைக்கு இடம் இருந்தது, லாரி வாடகைக்கு இருந்தது, ஒரு தோல் எத்தனை நாள் அடுக்கில் கிடக்கலாம் என்பதற்குக்கூட இருந்தது. "பாக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் பரம்பரையில் 'இல்லை' என்பதற்கு அப்படித்தான் சொல்வோம்.

மறுநாள் அலுவலகத்தில் ஓட்ட உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினால், ஓடுவதற்கு முன் திரையில் ஒரு கட்டம் வந்து ஏதோ ஓர் எண்ணைக் கேட்டது. எங்கள் அலுவலகத்தில் எண்ணைக் கேட்காத இடமே கிடையாது. வாசல் கதவு கேட்கும், உணவு விடுதி கேட்கும், வண்டி நிறுத்துமிடம் கேட்கும். எல்லாவற்றுக்கும் கொடுப்பது ஊழியர் எண். ஒருமுறை மருத்துவமனையில் வயதைக் கேட்டபோதுகூட நான் ஊழியர் எண்ணைச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டத்திலும், யார் ஓட்டுகிறார்கள் என்று பதிவு செய்யத்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று என் ஊழியர் எண்ணைத் தட்டினேன். லாரிகள் புறப்பட்டன.

குடோனோடு ஒரு தடவை, குடோன் இல்லாமல் ஒரு தடவை. குடோன் இல்லாமல் ஓட்டினபோதும் ஆலை நிற்கவே இல்லை. செலவு குறைந்தது. விடை தெளிவாக இருந்தது: மூடலாம்.

எனக்கு அந்த விடை பிடிக்கவில்லை. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது. எனவே நியாயமான மனிதன் என்ற முறையில் மறுபடி ஓட்டினேன். அதே விடை. மறுநாள் காலையில் வந்து ஓட்டினேன், சாப்பிட்டுவிட்டு ஓட்டினேன், எதற்கும் இருக்கட்டும் என்று வேறு ஓர் இருக்கைக்குப் போய் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஊழியர் எண், ஒவ்வொரு தடவையும் அதே விடை, தசமப் புள்ளிக்குப் பின்னால் வரைக்கும். போகப்போக அந்தப் பொம்மை வருடம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்றாவது லாரி எப்போதும் தாமதமாக வரும். கோடைக்கு முன்னால் ஒரு லாரித் தோல் கொஞ்சம் மட்டமாக வரும். அதன் பிறகு வருவதெல்லாம் ராஜா. அந்த மூன்றாவது லாரியின் ஓட்டுநர் நிஜத்திலேயே சோம்பேறி என்றும், இந்த இயந்திரம் அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டது என்றும் நான் மனதுக்குள் வியந்தேன். ஒருநாள் திரையைப் பார்த்து, "சீக்கிரம் வாய்யா" என்று சொன்னதைப் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் கோட்டும் கூட்டமும். முதலாளி வந்திருந்தார். குடோன் பொறுப்பாளர் அம்மாவும் வந்திருந்தார். மஞ்சள் தொப்பி மனிதர்களை ஓடவிட்டு, அறிக்கையை வாசித்து, ஒரு புள்ளிகூட மாறாத கதையைச் சொன்னேன். கைதட்டினவர்களில் அந்த அம்மா இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாத் தடவையும் இதேதானா சார்?"

"ஆமா மேடம். கொஞ்சம்கூட மாறல."

"சரி" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அடுத்த மாதக் கடைசிக்குள் மூடிவிடலாம் என்று முதலாளி சொன்னார். வாணியம்பாடியில் இருக்கும் தன் அண்ணன் தம்பிகளுக்குக் காட்ட வேண்டும், அந்த மஞ்சள் தொப்பிப் படத்தைப் பதிவு செய்து அனுப்புங்கள் என்றும் கேட்டார்.

இதற்கு நடுவில் எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது. எங்கள் வாழ்க்கையில் இதனால் நேர்ந்த மாற்றம், கழுத்துப் பட்டையின் நிறம் மாறியதும், எல்லோருக்கும் புதிய ஊழியர் எண் கொடுத்ததும்தான். முதலாளிக்காகப் படம் பதிவு செய்ய உட்கார்ந்த நாளில், கட்டம் கேட்டபோது, கடமை தவறாதவனாகப் புதிய எண்ணைத் தட்டினேன்.

மூன்றாவது லாரி நேரத்துக்கு வந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் மழைக்காலத்தில் வந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சண்டைக்குப் போய்விட்டு வந்திருந்தன. குடோன் இல்லாத ஆலையில் தைக்கத் தோல் இல்லாமல் தையல் இயந்திரங்கள் சிவப்பு நிறமாகி நின்றன. பெரிய ஆர்டர் ஒன்று போய்ச்சேரவில்லை. கடைசியில் வந்த விடை: குடோனை மூடவே கூடாது.

அடுத்த சில நாட்கள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எதையும் மாற்றவில்லை, ஆனால் எல்லாம் மாறிவிட்டது. கணினிக்கு ஏதோ அப்டேட் வந்திருக்குமோ என்று பார்த்தேன். கம்பெனி கைமாறியது இயந்திரத்துக்கு எப்படித் தெரிந்தது என்றுகூட ஒரு சாயங்காலம் யோசித்தேன். புதிய முதலாளிகளுக்குக் குடோன்கள் பிடிக்கும்போல. அதைவிட மோசமான யோசனை, அந்த அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாரோ என்பது. நான் இப்படிப்பட்ட விஷயங்களை நம்பாதவன். நம்பாதவனாக இருந்துகொண்டே அதைக் கொஞ்ச நேரம் பரிசீலித்தேன்.

கடைசியில் கோயம்புத்தூர்ப் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவருடைய புதிய கட்டடத்துக்கு எதிரே டீக்கடையில் சந்தித்தோம். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஊழியர் எண் என்ற இடம் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்ண்ணா, அதுல எம்ப்ளாயி நம்பரையா போட்டீங்க?"

"வேற எத போடணும்?"

"ஒவ்வொரு தடவையும் அதே நம்பரா?"

"எனக்கு இருக்கறது ஒரு நம்பர்தானே."

அவர், சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, ஆனால் மரியாதை குறையாமல் சொன்னார்.

"தாயம் வெளயாடுவீங்கல்ல? ஒவ்வொரு லாரிக்கும் தோலு நல்லதா மோசமான்னு இந்த புரோகிராம் தாயம் உருட்டிப் பாக்குதுங்ண்ணா. ஆனா அதுக்குக் கையா இருக்கு, உருட்ட? ஏற்கெனவே உருட்டி வெச்ச மாதிரி நீளமா ஒரு வரிசை இருக்கும். நீங்க போடற நம்பரு, அந்த வரிசைல எங்கருந்து படிக்க ஆரம்பிக்கணும்னு சொல்றதுக்கு. ஒரே நம்பர் போட்டா, ஒரே எடத்துலருந்து அதே தாயம்தான் விழும். வேற வேற நம்பர் போட்டு நெறையத் தடவ ஓட்டணும். அதுக்குத்தான் அந்தக் கட்டமே."

"அப்ப நான் இத்தன நாளா..."

"ஒரே படத்த தெனம் போய்ப் பாத்துட்டு, எத்தன தடவ பாத்தாலும் ஹீரோ சாகல, இவனுக்குச் சாவே இல்லன்னு சொல்லியிருக்கறீங்ண்ணா."

டீக்கு அவரே காசு கொடுத்தார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

திரும்பி வந்து எனக்குத் தெரிந்த எண்களையெல்லாம் போட்டு ஓட்டினேன். ஸ்கூட்டர் எண், மின் இணைப்பு எண், திருமணத் தேதி, திருமணம் ஆகாமல் போன இன்னொரு தேதி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடமாக விரிந்தது. பெரும்பாலான வருடங்களில் குடோன் இல்லாமல் சமாளித்துவிடலாம், செலவு கொஞ்சம் மிச்சம். சில வருடங்களில் மட்டும், குடோன் இல்லாவிட்டால் ஆலை மாதக்கணக்கில் படுத்துவிடும். என் திருமணத் தேதி குடோனை மூடச் சொன்னது. மின் இணைப்பு எண் கூடவே கூடாது என்றது. இதில் எதை நம்புவது என்று எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். முரண்பட்டவற்றைச் சேர்த்து நம்புவது நாவல் படிக்கும்போது எனக்குச் சுலபமாக வரும். அறிக்கையில் வரவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வாடிக்கையாளர் ஒரு விடை கேட்டார், நாம் ஒரு விடை கொடுத்தோம், இப்போது எதற்கு இத்தனை விடை என்று தெலுங்கும் ஆங்கிலமுமாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாற்றியே ஆக வேண்டும் என்றால், உங்களுக்குப் பிடித்த ஒரு எண்ணைப் போட்டு இன்னொரு அறிக்கை எழுதுங்கள். புதிய தகவல் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்."

உங்களுக்குப் பிடித்த ஓர் எண். ஒரு மனுஷியும் அவள் புருஷனும் ஒரே வீட்டில் இருப்பார்களா, மாட்டார்களா என்பது நான் எந்த எண்ணைத் தட்டுகிறேன் என்பதில் இருந்தது. என் வாழ்க்கையில் எனக்கு அதிகாரம் என்று ஒன்று வந்தது அந்த ஒரு வாரம்தான். குடோனைக் காப்பாற்றும் எண்கள் என்னிடம் கைவசம் இருந்தன. புதிய ஊழியர் எண்ணை வைத்தே அறிக்கையை எழுதியும் முடித்தேன். உயிருள்ள அறிக்கை. அனுப்புவதற்கு முன் அந்த அம்மாவிடம் நல்ல சேதியைச் சொல்லிவிட்டு, அவர் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போவன்பள்ளிக்குப் போனேன். நல்லது செய்கிறவனுக்கு அந்த ஆசை கூடாது என்று தெரியும். ஆனாலும் போனேன்.

குடோனில் பாதி அடுக்குகள் காலி. மூடுவதற்கு ஆயத்தமாகத் தோலை ஆலைக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாயத்தைச் சொன்னேன், ஊழியர் எண்ணைச் சொன்னேன், முதல் அறிக்கையை மறந்துவிடுங்கள், புதியது தயார் என்றேன்.

அவர் முகம் மலரவில்லை.

"அப்ப வந்தது நெஜமா சார், இப்ப வந்தது நெஜமா?"

"ரெண்டும் ஒருவிதத்துல..."

"ஒருவிதத்துல நக்கோ. வர்ற வருஷம் தோலு நல்லா வருமா, வராதா?"

"தெரியாது மேடம்."

"உங்களுக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாது."

"ஹவ்." காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எனக்குப் போக இஷ்டம் இல்ல சார். உங்களுக்கே தெரியும். ஆனா இந்த மாதிரி வேணாம். நீங்க ஒரு நம்பர போட்டு என்ன இங்க வெச்சீங்கன்னா, நாளைக்கு இன்னொரு சார் வந்து இன்னொரு நம்பர போட்டுத் தூக்கிருவாரு. அப்ப நான் யாருகிட்டப் போயி என்னன்னு கேக்கறது? தெரியாதுன்னா தெரியாதுன்னே போய்ச் சொல்லுங்க. மூடினா மூடட்டும்."

"மூடிட்டா ராணிப்பேட்டை மேடம்."

"தெரியும் சார். எனக்கா தெரியாது?"

என் மனதில் இருந்த நல்லவன் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். அவனை விட்டுவிட்டு நான் மட்டும் ஆட்டோ பிடித்தேன்.

முதலாளியை ஆலையில் அவர் அறையில் பார்த்தேன். கீழே தையல் இயந்திரங்களின் சத்தம். தப்பைச் சொல்வதற்கு நான் மூன்று வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். மூன்றிலும் எழுவாய் காணாமல் போயிருந்தது. கடைசியில், "நான்தாங்க தப்பா ஓட்டிட்டேன்" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னா சார் சொல்றீங்க? மூடலாமா, கூடாதா?"

"நிறைய வருஷத்துல மூடினா லாபம். சில வருஷத்துல மூடினா ஆலை நின்னுரும்."

"வர்ற வருஷம் எந்த வருஷம்?"

"அது தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா அவ்ளோ பெரிய கம்ப்யூட்டரு?"

"எவ்வளவு தெரியாதுங்கறத சொல்லும்" என்றேன். இது பொறியாளர் சொன்ன வாக்கியம். அவர் சொன்னபோது நன்றாக இருந்தது.

முதலாளி சன்னல் வழியாகக் கீழே பார்த்தார். "நிக்கற வருஷம் வந்தா, கீழ இருக்கறவங்க எல்லாம் கைய கட்டிக்கினு உக்காரணும். அப்பவும் கூலி குடுக்கணும். ஆர்டரு போனா போனதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மழையே வராதுன்னு நீங்க சொன்னத கேட்டுக் கூரைய பிரிக்கப் போனேன் சார். இப்ப பாதி பிரிச்சப்புறம் வந்து, வந்தாலும் வரும்ங்கறீங்க."

மேஜைமேல் இருந்த என் முதல் அறிக்கையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

"இருக்கட்டும். குடோன் அப்படியே இருக்கட்டும். அந்தம்மாவும் அங்கயே இருக்கட்டும். இந்த வருஷம் நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல." தொலைபேசியை எடுத்தார். "உங்க மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. அடுத்த வேலை குடுத்தா வேற ஆளா அனுப்பச் சொல்லி."

மேலாளரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, மறுபடி என்னை எழுவாய் பயனிலைகளிடம் அனுப்பிவிட்டார். அந்தப் பெருமூச்சு, தான் பயந்த அளவுக்கு எதுவும் கெடவில்லை என்ற நிம்மதியா, அல்லது வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் என் பெயரோடு 'காரு' சேர்ப்பதை நிறுத்தவில்லை. அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு பழக்கம் என்பதும் புரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. காஞ்சன்பாக்கில் ஒரு வீட்டில் விளக்கு அணையாமல் இருப்பதற்கு நானும் ஒரு காரணம். எப்படிச் சுற்றி வந்தாலும், தப்பு வழியாகவே வந்திருந்தாலும், அந்தத் தம்பதி பிரியவில்லை. சில நாள் கழித்து அந்த அம்மாவுக்கு நானே போன் செய்தேன். நன்றி சொல்வார், சொன்னால் எப்படி அடக்கமாக ஏற்பது என்று படியில் இறங்கும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

"சேதி வந்துச்சா மேடம்?"

"வந்துச்சு சார். நாங்க அடுக்க மறுபடி நெறப்பிக்கிட்டு இருக்கோம். நேத்து பூரா நாலு லாரி."

"வீட்ல சொன்னீங்களா? சார் சந்தோஷப்பட்டிருப்பாரே."

அந்தப் பக்கம் ஒரு லாரியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னத்த சொல்ல சார். நான் போயிருவேன்னு அவரு முன்னாடியே ஒரு தெலுங்கு சமையக்காரம்மாவ வெச்சுட்டாரு. கோங்குரா பப்பு, குத்தி வங்காயான்னு தெனம் ஒண்ணு பண்ணுது. ராத்திரி நான் போயி, எங்கயும் போகல, இங்கதான் இருக்கப் போறேன்னு சொல்றேன், இவரு தட்டுலருந்து தலைய தூக்கி, 'அப்ப அந்தம்மாவ நிறுத்திரணுமா'ங்கறாரு."